தச்சர் பதில்கள்: இரண்டு வடிவம், இரண்டு மெருகு, ஒரு சிறு மேசை

சோபாவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் காபித் தம்ளரும் மூக்குக்கண்ணாடியும் வைக்க ஒரு சிறு மேசை வேண்டும், ஆனால் அது நான்கு காலும் ஒரு பலகையுமாக இல்லாமல் ஒரு சிற்பம் போல நிற்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த மாதம் அதிகம். அவற்றுள் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடத்தில், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: மேசை என்பது பொருள் வைக்கும் பலகை. அதைச் ‘சிற்ப மேசை’ என்று அழைப்பது வெறும் அலங்காரப் பேச்சு அல்லவா? இதற்கு ஏதாவது இலக்கணம் உண்டா?
— உள்ளரங்க வடிவமைப்பு மாணவி, கோயம்புத்தூர்

பல இடங்களில் அது அலங்காரப் பேச்சுதான். கால் சற்று வளைந்திருந்தாலே விலைச்சீட்டில் ‘சிற்பம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நான் கைக்கொள்ளும் சோதனை எளியது. மேல்பலகையை மனத்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சியிருப்பது வெறும் முட்டுக்கொடுப்பாகத் தெரிந்தால் அது சாதாரண மேசை, தனியாக வைத்துப் பார்க்கத் தகுந்ததாகத் தெரிந்தால் அது சிற்பத்தின் பக்கம் வந்துவிட்டது.

இந்தச் சோதனையில் தேறுகிற மேசைகளில் முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சியின் மேசை. 1940களில் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனம் விற்கத் தொடங்கிய அந்த மேசையில், ஒரே அச்சில் வெட்டிய இரண்டு வளைந்த மரத்துண்டுகளில் ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் நிறுத்தி ஒரு தண்டால் இணைத்திருக்கிறார். மேலே கனத்த கண்ணாடி. கண்ணாடியை எடுத்துவிட்டாலும் கீழே இருப்பது ஒரு சிற்பமே. நொகுச்சி 1927இல் பாரிஸில் சில மாதங்கள் ருமேனியச் சிற்பி பிரான்குசியிடம் உதவியாளராக இருந்தவர். பிரான்குசியோ, பளபளக்கும் வெண்கலத் தலையைச் சொரசொரப்பான மரப்பீடத்தின்மேல் அமர்த்தி, பீடத்துக்கும் சிலைக்கும் சமமான கவனம் செலுத்தியவர். வழவழப்பை வழவழப்பு என்று நாம் உணர்வதற்கு அருகில் ஒரு சொரசொரப்பு இருக்க வேண்டும் என்பதை அந்தப் பீடங்களைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம்.

உங்களைப் போன்ற மாணவர்கள் அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது, நியூயார்க்கின் டைம்-லைஃப் கட்டடத்துக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஈம்ஸ் 1960இல் வடிவமைத்த கடைசல் முக்காலிகளை. ‘முக்காலி’ என்று பழக்கத்தால் எழுதிவிட்டேன். அவற்றுக்குக் காலே கிடையாது. வால்நட் மரத்தில் கடைந்த, சுமார் 15 அங்குல உயரமுள்ள கட்டைகள் அவை. உடுக்கையை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். உட்காரவும் செய்யலாம், பக்கமேசையாகவும் வைத்துக்கொள்ளலாம். மூன்று வகைகள் உண்டு. மூன்றிலும் மரம் ஒன்று, உயரம் ஒன்று, மேல்பகுதியும் அடிப்பகுதியும் ஒன்று. இடுப்பு மட்டும் வேறு. இந்த ஒழுங்கை நான் பல ஆண்டுகளாக என் பட்டறையில் சட்டமாகவே வைத்திருக்கிறேன்: எதை வேறுபடுத்தப் போகிறோமோ அதைத் தவிர மற்றவை ஒத்திருக்க வேண்டும். வடிவத்தையும் மரத்தையும் நிறத்தையும் மெருகையும் ஒரே மேசையில் மாற்றினால், கண் எதையும் எதோடும் ஒப்பிட முடியாமல் விலகிப்போகும்.

ரேயும் அவருடைய கணவர் சார்லஸ் ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிகச் சிறந்தது என்று அவர்கள் வியந்து எழுதியது நம் வீட்டுச் செம்பை.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பர்மா தேக்குத் தூணில் 3 அடி நீளத் துண்டு ஒன்று என்னிடம் உள்ளது. குறுக்களவு 9 அங்குலம். இரண்டாக அறுத்து இரண்டு பக்கமேசைகள் செய்ய எண்ணுகிறேன். தூணை இழைத்துப் புதிதாக்கி, மேல்பலகைக்கும் அதே நிறத்தில் பாலிஷ் போட்டுவிடலாம் என்கிறார் தச்சர். எனக்கு மனம் ஒப்பவில்லை.
— வாசகர், காரைக்குடி

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. தூணின் மேல்தோல் கைபட்டும் எண்ணெய்பட்டும் இருண்டுபோய் ஒரு நிறத்துக்கு வந்திருக்கும். இழைப்புளியை ஒரு முறை ஓட்டினால் அது போய்விடும். எந்தச் சாயத்தாலும் திரும்ப வராது. எனவே தூணின் பக்கவாட்டைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். சோப்புக் கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மெல்லியதாகத் தேன்மெழுகு தேய்த்தால் போதும். அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை உடல் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். பழைய தூணில் ஆணி ஒளிந்திருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும்.

தூண் இருண்டது, உருண்டது, பழையது. அதற்கு எதிராக நிற்பவை எவை என்று அதன்பின் முடிவு செய்யலாம். செட்டிநாட்டு வீட்டில் அந்தத் தூண் கல்லின்மேல்தான் நின்றது. மேசையிலும் அதைக் கல்லின்மேலேயே நிறுத்துங்கள். 12 அங்குலச் சதுரமும் 2 அங்குலக் கனமும் உள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 13 கிலோ எடை இருக்கும். மேலே வட்டமாக, 16 அங்குலக் குறுக்களவில், ஒரு அங்குலக் கனத்தில் பலாப்பலகை. வட்டமான மேல்பலகை உருண்ட தூணோடு உறவாக இருக்கும்; சதுரக் கல் மட்டும் வடிவத்தில் வேறாக நிற்கும். மேல்பலகையையும் சதுரமாக்கினால் இரண்டு சதுரங்களுக்கு நடுவில் தூண் நசுங்கியது போலத் தெரியும் என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்துக்கும் இடமுண்டு.

பலாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதிதாக அறுத்தபோது மஞ்சளாக இருக்கும் பலா, வெளிச்சம் பட்டுச் சில ஆண்டுகளில் பழுப்பாகிவிடும். ஆக, இன்று உங்களுக்குத் தெரிகிற நிற வேறுபாட்டில் ஒரு பங்கு காலப்போக்கில் குறைந்துவிடும். தேக்கிலும் புதிதாக இழைத்தபோது தெரியும் பச்சையும் கறுப்புமான கோடுகள் மெல்ல அடங்கிப் பொன்பழுப்பாகும். இதனால்தான் நிறத்தை மட்டும் நம்பி மேசையை வடிவமைக்கக் கூடாது என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு எத்தனை ஆண்டு வெயில் பட்டாலும் குறைவதில்லை.

தூணும் பலகையும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலான மேசைகள் கெடுகின்றன. ஒன்றின்மேல் ஒன்றை அப்படியே உட்காரவைத்தால், எவ்வளவு துல்லியமாக அறுத்தாலும் எங்கோ ஒரு மயிரிழைச் சந்து தெரியும். அதை மறைக்க மக்கு (புட்டி) வைத்து, பசையும் அப்புவார்கள். அதற்குப் பதிலாகத் தூணின் தலைக்கும் பலகைக்கும் நடுவே, தூணைவிட ஒரு அங்குலம் சிறிய வட்டத்தில் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனமுள்ள மரவில்லை ஒன்றை வைத்துவிடுங்கள். இரண்டு உருவங்களுக்கும் இடையே நிழல் விழும். பலகை மிதப்பது போல இருக்கும். இது புதிய உத்தி அன்று. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில், பருத்த குமுதம் என்ற வரிக்கு மேலே கண்டம் உள்ளொடுங்கி நிழலில் நிற்பதும், அதன்மேல் பட்டிகை மறுபடி வெளியே வருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பலகையை நான்கு பக்கமும் திருகாணியால் இறுக்கிவிட வேண்டாம். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே அந்த அகலத்தில் பலகை ஒரு நூல் வரை விரிந்து சுருங்கும். ரேகை ஓடும் திசையில் உள்ள திருகாணிகளை இறுக்கி, குறுக்குத் திசைத் துளைகளை நீள்துளையாக இட்டால் அது வெடிக்காமல் நகரும். கல்லின் நடுவில் துளையிட்டு அடியிலிருந்து போல்ட் கொடுத்துத் தூணைப் பிணைக்கலாம். உங்கள் துண்டு தூணின் அடிப்பகுதியாக இருந்தால் கல்லில் இறங்கும் முளையான கழுந்தே அதில் இருக்கக்கூடும். இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள், கல்லில் அதற்கேற்ற குழி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: உருண்டைத் தூண் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? என்னிடம் இருப்பது 8 அங்குலச் சதுர வேங்கைக் கட்டை மட்டுமே.
— வாசகர், திருவண்ணாமலை

உங்கள் ஊரிலிருந்து மாமண்டூருக்கோ மண்டகப்பட்டுக்கோ ஒரு நாள் போய்வாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் குடைந்த குடைவரைகளின் தூண்கள் அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம் என்று இருக்கும். எதையும் ஒட்டவில்லை. நான்கு மூலைகளை நடுவில் மட்டும் சீவியதால் ஒரே கல்லில் இரண்டு வடிவங்கள் வந்துவிட்டன. உங்கள் வேங்கைக் கட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தோன்றவில்லை.

பட்டைக்கு அளவு குறிக்கும் வழி: 12 அங்குல அடிக்கோலை, அதன் இரு முனைகளும் கட்டையின் இரு விளிம்புகளையும் தொடும்படி சாய்த்து வையுங்கள். மூன்றரையிலும் எட்டரையிலும் புள்ளி வைத்து, விளிம்புக்கு இணையாகக் கோடு இழுங்கள். நான்கு முகத்திலும் இப்படிக் குறித்து, கோட்டுக்கு வெளியே உள்ள மூலையைச் சீவினால் எட்டும் ஏறக்குறைய சமமான பட்டைகளாக அமையும். சதுரப் பகுதியை உளித்தடம் தெரியும்படி சொரசொரப்பாக விட்டுவிட்டு, எட்டுப்பட்டையை மட்டும் 320ஆம் எண் உப்புத்தாள் வரை தேய்த்து மெழுகிடுங்கள். மரம் ஒன்று, நிறம் ஒன்று. வடிவமும் மெருகும் மட்டும் ஓரிடத்தில் சேர்ந்து மாறும். ஒரே கட்டையில் இரண்டு மாற்றங்களை ஒன்றாக நான் அனுமதிப்பது இந்த ஒரு நிலையில்தான்.

கேள்வி: பெயின்ட் அடிக்காமல் மரத்தைக் கறுப்பாக்க முடியுமா? ரேகை தெரிய வேண்டும். மேசையின் அடிப்பாகம் கறுப்பாகவும் மேல்பாகம் இயல்பான நிறத்திலும் இருக்க விரும்புகிறேன்.
— வாசகி, தஞ்சாவூர்

முடியும், அதற்கு வேண்டிய பொருள் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கிறது. கலம்காரித் துணியில் காண்கிற கறுப்பும் இதுவே: துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, பழைய இரும்புத்துண்டுகளை வெல்லநீரில் பல நாள் புளிக்கவைத்து எடுத்த கரைசலால் கோடு எழுதுவார்கள். மரத்துக்கும் அதே வேதியியல் பொருந்தும்.

ஒரு கண்ணாடிப் புட்டியில் அரை லிட்டர் வெள்ளை வினிகரை ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச்சுருளைப் பிய்த்துப் போடுங்கள். துருப்பிடிக்காத எஃகுச் சுருளும் துத்தநாகம் பூசிய ஆணியும் உதவாது. மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகும், அது வெளியேற வழி வேண்டும், பக்கத்தில் அடுப்பும் எரியக் கூடாது. ஒரு வாரத்தில் கரைசல் தயாராகிவிடும்; மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கடுக்காய்த்தூளை இட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு வடித்துக்கொள்ளுங்கள்.

மரத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரை உலர்ந்தபின் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் கறுப்பேற்றிய பிறகு நார் எழும்பி, அதைத் தேய்க்கும்போது கறுப்பும் சேர்ந்து போய்விடும். பிறகு கடுக்காய்ச் சாற்றைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் இரும்புக் கரைசலைப் பூசுங்கள். சில நிமிடங்களிலேயே சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறம் ஏறுவதைக் காணலாம். அந்தக் காட்சி எனக்கு இன்றும் அலுக்கவில்லை. கறுப்பு போதாவிட்டால் இதே வரிசையில் மறுமுறை செய்யுங்கள். ஒரு நாள் உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசினால் கறுப்பு ஆழமாகும்.

கருவேலத்தில் துவர்ப்பு மிகுதி. கடுக்காயே இல்லாமலும் ஓரளவு கறுக்கும். மாமரம் கடுக்காயின் துணையோடு கறுக்கும். தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் முதலில் தின்னரால் துடைத்துவிட வேண்டும். அப்படியும் திட்டுத்திட்டாக வரலாம். எந்த மரமானாலும் அதே கட்டையில் வெட்டிய துண்டில் சோதித்துப் பாராமல் மேசையில் கைவைக்காதீர்கள். இரும்புக் கரைசல் ஒரு துளி தெறித்தாலும் வெளிர்நிற மேல்பலகையில் கறுப்புப் புள்ளி விழும். ஆகவே இரண்டு பாகங்களையும் பூட்டுவதற்கு முன்பே, வெவ்வேறு இடத்தில் வைத்துத் தனித்தனியாக மெருகேற்ற வேண்டும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடுவது ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். கொடியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் ஊறப்போடுங்கள்.

கேள்வி: வட்ட மேல்பலகையும் நடுவில் ஒற்றைத் தண்டுமாக ஒரு மேசை செய்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. பேரன் கைவைத்தால் சாய்கிறது. மூன்று கால் வைத்தால் ஆடாது என்கிறார்களே, மாற்றிவிடலாமா?
— வாசகர், மதுரை

ஆடுவதும் சாய்வதும் வேறு வேறு. மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால் ஆடாது. அதனால்தான் நம் முன்னோர் முக்காலியை விரும்பினார்கள். ஆனால் சாய்வதில் மூன்று காலே மோசம். 18 அங்குல வட்டப்பலகையின் கீழே, நடுவிலிருந்து 8 அங்குலத்தில் மூன்று பாதங்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டு பாதங்களை இணைக்கும் கோடு நடுவிலிருந்து 4 அங்குலத்தில்தான் இருக்கும்; பலகையோ அதற்கு வெளியே 5 அங்குலம் நீண்டிருக்கும். அந்த இடத்தில் கைவைத்தால் சாயும். அதே தூரத்தில் நான்கு பாதங்கள் இருந்தால் கோடு ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று அப்பால் போய்விடும்.

உங்கள் ஒற்றைத் தண்டு மேசைக்கு வருகிறேன். மேசையின் எடை 6 கிலோ, மேல்பலகை 18 அங்குலம், அடிவட்டம் 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பலகையின் விளிம்பில் 5 கிலோவுக்கும் குறைவாக அழுத்தினாலே கவிழும். அடிவட்டத்தை 12 அங்குலமாக்கினால் 12 கிலோ வேண்டும். 14 அங்குலமாக்கினால் 21 கிலோ. எடையைக் கூட்டாமலேயே இவ்வளவு வித்தியாசம் வருகிறது. அடிவட்டம் மேல்பலகையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது என்று நான் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். காரைக்குடி வாசகருக்குச் சொன்ன கருங்கல் அடியும் வெறும் அழகுக்காக அன்று: கல் இல்லாவிட்டால் அந்த மேசை விளிம்பில் 15 கிலோ அழுத்தத்தில் சாயும், கல்லோடு சேர்த்தால் 70 கிலோவுக்கு மேல் வேண்டும்.

அடி பெரிதானால் மேசை பருமனாகத் தெரியுமே என்று கவலைப்பட வேண்டாம். அடிவட்டத்தைக் கறுப்பாக்கி, விளிம்பை உள்நோக்கிச் சரித்துவிட்டால் அது தரையின் நிழலோடு கலந்துவிடும். தண்டும் பலகையும் மட்டுமே கண்ணுக்குப் படும்.

கேள்வி: முற்றத்தில் விழுந்த மாமரத்தின் அடிமரத்தை 18 அங்குல உயரத்துக்கு வெட்டி, அப்படியே மேசையாக வைத்தேன். மூன்று மாதத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை வெடித்துவிட்டது. வெடிப்பை மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

அடைக்க வேண்டாம், மழைக்காலத்தில் மரம் விரியும்போது அந்த அடைப்பு மரத்தையே நெம்பும், கோடையில் மறுபடி சந்து விழும். மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அளவாகச் சுருங்கும் தேக்கில்கூட ஒன்று இரண்டரை விழுக்காடு, மற்றது ஐந்தரைக்கு மேல். முழு வட்டமாக இருக்கும் கட்டைக்கு அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ள வெடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் கையில் தவறு ஒன்றும் இல்லை, கட்டை ஈரமாக இருந்தது, அவ்வளவே.

இனி அது நகராமல் நிற்கும் வரை காத்திருங்கள். இத்தனை பருமனான கட்டைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். வெடிப்பின் வாயில் பென்சிலால் அளவு குறித்து, மாதம் ஒருமுறை பாருங்கள். நின்றபிறகு, வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் கறுப்பு மர ஆப்புகள் இரண்டை இறக்குங்கள். வெளிறிய மாமரத்தில் கறுத்த ஆப்பு வெடிப்பை மறைக்காது; அதை மேசையின் முகமாகவே ஆக்கிவிடும். இந்த ஆப்பைத் தன் கையொப்பம் போலவே ஆக்கிக்கொண்டவர் ஜப்பானிய அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் மரவேலையில் புகழ்பெறும் முன், 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணியை மேற்பார்த்தவர்; ‘சுந்தரானந்தா’ என்று அங்கே பெயரும் பெற்றவர்.

அடுத்த கட்டை வெட்டும்போது, ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து நடு வரை ரம்பத்தால் ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டால், வெடிப்பு வேறெங்கும் அலையாமல் அந்தக் கீறலிலேயே திறக்கும். அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியும் வைக்கலாம், ஆப்பிட்டு முன்பக்கமும் வைக்கலாம். பழைய வீட்டுக் கூரையிலிருந்து பனங்கைமரம் கிடைத்தால், அதில் மூன்று குட்டைப் பாதங்கள் செய்து கட்டைக்கு அடியில் கொடுத்துப் பாருங்கள். பனையின் கறுத்த நார்க்கோடுகளுக்கும் மாவின் வெளிர்ந்த தோலுக்கும் அமைகிற பொருத்தத்தை எந்தச் சாயத்தாலும் உண்டாக்க முடியாது. கனத்த கட்டை என்பதால் மூன்று பாதம் என்றாலும் சாயாது.

கேள்வி: ஒரே மேசையில் ஒரு பகுதி பளபளப்பாகவும் மற்றது மங்கலாகவும் வேண்டும். எதை எங்கே வைப்பது?
— வாசகர், சென்னை

மேல்பலகை மங்கலாக இருக்கட்டும். தட்டையான பரப்பைப் பளபளப்பாக்கினால் அதில் தெரிவது மரம் அன்று, மேலே சுற்றும் மின்விசிறி. தூசியும் கீறலும் உடனே தெரியும். அதிலும் மெல்லிய தகடுகளாக வரும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பழைய பிரெஞ்சு பாலிஷ், சூடான தம்ளர் பட்டால் வெண்வளையம் விழுந்துவிடும் தன்மையுள்ளது. செங்குத்தாக நிற்கும் அலமாரிக் கதவுக்கு அது அருமை, காபி வைக்கும் பலகைக்கு அது ஆகாது. எண்ணெயும் மெழுகும் இட்ட பலகையில் கறை விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் பூசிவிடலாம்.

பளபளப்பு வளைவுக்கு உரியது. உருண்ட பரப்பில் மெருகேறினால் மேலிருந்து கீழ்வரை ஓர் ஒளிக்கோடு இறங்கும். வளைவு எங்கே ஒடுங்குகிறது, எங்கே பருக்கிறது என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். அதனால் அடிப்பாகத்தைக் கடைசலாகச் செய்து அரக்குமெருகு கொடுக்கலாம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் நம் அம்பாசமுத்திரத்திலும் சொப்புக் கடைபவர்கள் பயன்படுத்தும் முறை அது: கடைசலில் சுழலும் மரத்தின்மேல் நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். சன்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்திப் பளபளப்பாக்குவார்கள். சொப்புப் பட்டறையில் பெரிய கட்டையைப் பூட்ட முடியாது. எனவே குத்துவிளக்கைப் போலத் துண்டுதுண்டாகக் கடைந்து, நடுவில் ஒரு இரும்புத் தண்டு கொடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள். துண்டுகளில் ஒன்றை மட்டும் அரக்கிடாமல் மங்கலாக விட்டுப் பாருங்கள். மற்றவற்றின் பளபளப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

கேள்வி: பக்கமேசையின் சரியான உயரம் எவ்வளவு? படம் வரைந்து கொடுத்தாலும் தச்சர் தன் வழக்கப்படியே செய்துவிடுகிறார். இதற்கு என்ன வழி?
— வாசகி, திருச்சி

உயரத்துக்குப் பொது விதி உங்கள் சோபாவின் கைப்பிடிதான். கைப்பிடிக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் தாழ்வாகவோ இருக்கட்டும். பெரும்பாலும் அது 20 அங்குலத்திலிருந்து 24 அங்குலத்துக்குள் வரும். கைப்பிடியைவிட மேசை உயர்ந்தால் தம்ளரை எடுக்கும்போது முழங்கை இடிக்கும்.

தச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சதுரமும் நேர்கோடுமாக இருந்தால் படம் போதும். வளைவும் சரிவும் வந்துவிட்டால் தாளில் வரைந்ததை இருவர் இருவிதமாகத்தான் படிப்பார்கள். தெர்மாகோலும் பழைய அட்டைப்பெட்டியும் கொண்டு மேசையை முழு அளவிலேயே செய்துவிடுங்கள். கறுப்பாக வேண்டிய பகுதிக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, சோபாவின் பக்கத்தில் ஒரு வாரம் வைத்து, காலையிலும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். இடுப்பு தடித்திருந்தால் சீவுங்கள், அடி சிறுத்திருந்தால் ஒட்டுங்கள். பிறகு அதையே ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், எந்த அளவு மாறக் கூடாதோ அங்கே நூல் கணக்கில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.